பேப்பர் அடைத்த கேசட்

“எல்லாம் போன்லயே இருக்குதே” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேசட் என்று வாயைத் திறந்தாலே இதைத்தான் சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவர் முழுக்கக் கேசட் அடுக்கியிருந்த கடைக்காரர் சொன்னார். அவர் இப்போது போன் கவர் விற்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். கடைசியில் என் தம்பியும் சொன்னான். அவன் சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அப்பா சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போனபோது தம்பி கைக்குழந்தை. ஊரில் யார் வீட்டிலும் போன் கிடையாது, அப்பாவுக்கு எழுதவும் வராது. கேசட்டில் பேசி, லீவில் வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவார். அதற்கென்று புதுக் கேசட் வாங்கமாட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சினிமாப் பாட்டுக் கேசட்டை எடுத்து, அதன் விளிம்பில் இருக்கும் ஓட்டைகளில் பேப்பரைச் சுருட்டி அடைப்பார். அப்படி அடைத்தால்தான் பாட்டு அழிந்து அதன்மேல் பேச்சு பதியும். மேலே ஒட்டியிருப்பது சினிமாப் படம், உள்ளே இருப்பது எங்கள் அப்பா. பேப்பர் அடைத்த கேசட்டை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

முழுக்க அழிக்கவும் மாட்டார். இரண்டு பக்கத்திலும் முதல் பாட்டை அப்படியே விட்டுவிடுவார். அதற்குக் காரணமும் அவரே ஒரு கேசட்டில் சொல்லியிருந்தார். “எடுத்ததுமே நான் பேசினா நீங்க ஆளுக்கொரு மூலைல இருப்பீங்க. பாட்டு ஓடிக்கினு இருக்கறப்பவே எல்லாரும் வந்து குந்திக்கங்க.” பாட்டு ஆரம்பித்ததும் அம்மா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டு வருவாள். பாட்டு முடியும், அப்பா தொண்டையைச் செருமுவார், “கேக்குதாம்மா?” என்பார். “கேக்குது, கேக்குது” என்று நாங்கள் டேப் ரெக்கார்டரைப் பார்த்துக் கத்துவோம்.

அப்பா அங்கேயே செத்துப்போனார். தம்பிக்கு அவர் முகம் போட்டோவில் பார்த்ததுதான், குரல் சுத்தமாக நினைவில்லை. கேசட்டுகளில் பல பூஞ்சை பிடித்தன, சில மிஷினில் சிக்கி நாராயின. அம்மாவும் போன பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதில் அப்பா என்ன பேசினார் என்பது எனக்கே மறந்துவிட்டது. போட்டுக் கேட்க ஓடுகிற மிஷின் இல்லை. ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனால், “இதை எவன்க்கா இப்ப தொடறான், காயலாங்கடையில போடுங்க” என்றான் ஒருத்தன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? எங்கே போடவேண்டும் என்று உன்னைக் கேட்டேனா?

நாயாய் அலைந்து, பழைய சாமான் விற்கிறவரிடம் ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைப் பிடித்தேன். ஊர் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை. கடைசி பஸ்ஸை விட்டால் டவுனுக்குத் திரும்ப வழியில்லை. “ஞாயித்துக்கிழம வந்து போன்ல பதிஞ்சிக்கிறேன். பேப்பர் அடைச்ச கேசட்ட மட்டும் தொடாத. அது அப்பா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். “சரிக்கா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். தம்பியின் மக்காச்சோளக் கொல்லைக்கு மேலே, குச்சிக்குக் குச்சி, கறுப்பு நாடா கட்டியிருந்தது. மலையிலிருந்து இறங்குகிற கிளியை விரட்ட எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கேசட்டிலிருந்து நாடாவை உருவி இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ரென்று அதிரும், வெயிலில் மின்னும். வீட்டில் ஒரு மூட்டைப் பழைய பாட்டுக் கேசட் கிடந்தது. அதைத்தான் உருவியிருக்கிறான், ஏதோ உபயோகப்பட்டதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

டேப் ரெக்கார்டர் பக்கத்தில் அந்தக் கேசட் கிடந்தது. பேப்பரைக் காணோம். ஒரு பக்கச் சக்கரம் மொட்டையாக இருந்தது, இன்னொன்றில் கொஞ்சம் நாடா ஒட்டிக்கொண்டிருந்தது.

“மூட்டையில இருந்தது பத்தல. இதப் போட்டுப் பாத்தேங்கா, பாட்டுதான் ஓடுச்சி” என்றான் தம்பி.

“பேப்பரு?”

“ஏதோ குப்ப மாட்டிக்கினு இருந்துது, நோண்டிட்டேன். அதுவா நீ சொன்ன பேப்பரு?”

“முழுப் பாட்டும் கேட்டியாடா?”

“முழுசா எதுக்குக் கேக்கணும்? அந்தப் பாட்டு போன்லயே இருக்குதே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் ஏதாவது கிடைத்திருந்தால் அவன் மண்டை உடைந்திருக்கும். பாட்டுக்குப் பிறகுதான் அப்பா பேசுவார் என்று இவன் வளர்ந்த நாளெல்லாம் நானும் அம்மாவும் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒரு பாட்டு முடியும்வரை எவன் உட்கார்ந்திருக்கிறான்? அரைப் பாட்டில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிற ஜென்மங்கள். கேசட்டை அப்படித் தள்ள முடியாது, அதன்போக்கில் ஓடவிட்டுக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பை நம்பித்தான் அப்பா பேசினார்.

கொல்லைக்கு ஓடினேன். நாடா வெயிலிலும் பனியிலும் முறுக்கேறி, துண்டு துண்டாக, முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. எது பாட்டு, எது அப்பா என்று எப்படித் தெரியும்? நாடாவுக்குக் கீழேயே ஒரு கிளி உட்கார்ந்து கதிரைக் கொத்திக்கொண்டிருந்தது. இதை விரட்டத்தான் என் அப்பாவை உருவியிருக்கிறான். மண்ணாங்கட்டியை எடுத்து அடித்தேன். அது பறந்துபோய் அடுத்த வரிசைக் கதிரில் உட்கார்ந்தது.

வீட்டுக்குத் திரும்பி, மிஞ்சிய நாடாவின் முனையை மொட்டைச் சக்கரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். முதல் பக்கம் முடிகிற இடம்தான் இரண்டாம் பக்கத்தின் ஆரம்பம்; பென்சிலை விட்டுச் சுற்றி, இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பாட்டு கரகரவென்று ஓடியது.

“பாத்தியா, பாட்டுதானேக்கா” என்றான் கதவோரம் நின்ற தம்பி.

“வாய மூடிக்கினு குந்து.”

குந்தினான். பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

“கேக்குதாம்மா? சின்னவன் நடக்க ஆரம்பிச்சிட்டானாமே. அவன இட்டாந்து பக்கத்துல குந்த வையி. அவங்கிட்ட ஒண்ணு சொல்லணும். டேய் தம்பி…”

நாடா தீர்ந்து பட்டன் மேலே துள்ளியது.

தம்பி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். “அப்புறம் இன்னாக்கா சொல்றாரு?”

“எனக்கின்னா தெரியும்? கொல்லையில கட்டி வச்சிருக்கியே, போய்க் கேளு” என்றேன்.