முபாரக் வீட்டு விருந்தாளி

கடையைப் பூட்டிவிட்டு வரும் ரஹமத் பீவி வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிறார். முந்தானை முடிச்சில் வீட்டுச் சாவி இருக்கிறது. அதைத் தொடுவதில்லை. தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கதவை மெதுவாகத் தட்டுகிறார். உள்ளே டிவி சத்தம் குறைகிறது. காலைத் தேய்த்து நடந்து வரும் ஓசை. கதவு திறக்கிறது.

"யாரு?" என்கிறார் முபாரக், எதிரில் நிற்கும் அக்காவைப் பார்த்துக்கொண்டே.

"நான்தானுங்க, ரஹமத் பீவி. உள்ள வரலாமுங்களா?"

முபாரக் யோசிக்கிறார். ஒவ்வொரு நாளும் யோசிக்கிறார். "வாங்க. செருப்பு வெளிய."

"வெளியதானுங்க உட்டிருக்கேன்."

அதன்பிறகுதான் அக்கா உள்ளே போய்த் தம்பிக்குச் சோறாக்குகிறார்.

முபாரக்குக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவாக இருந்தவர். பெற்றவர்கள் போன பின் அக்காதான் எல்லாம். ரஹமத் பீவிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் மிளகு, ஏலக்காய், காபித்தூள், தைலம் விற்கும் ஒற்றை ஷட்டர் கடை அவருடையது.

மிளகை நிறுக்கும் முன் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். காரம் போதாவிட்டால் முகம் தானாகக் கோணும். வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். "என்னங்க பண்றது, மூஞ்சிய மூடிக்கிட்டா யாவாரம் பண்ண முடியும்?" என்பார். கண்ணாடி ஜாடியிலிருக்கும் சாக்லேட்டைக் காட்டி, இந்த ஊரில் செய்ததா என்று சென்னைக்காரர்கள் கேட்டால், "இல்லீங்க, ஊட்டியில இருந்து வருது. இங்க வந்து குளிருல உக்காந்திருக்குது, அவ்வளவுதான்." இப்படி வியாபாரம் செய்தும் அந்தக் கடை நடக்கிறது என்பது அங்கே காபித்தூள் வாங்கும் எனக்கு இன்னும் விளங்காத சங்கதி.

காலை நேரத்தில் முபாரக்கும் கடையில் இருப்பார். பழைய பேப்பரில் பொட்டலத்துக்குக் கூம்பு சுற்றுவது அவர் வேலை. நடுவில் கையை உயர்த்தி, "குப்பனூர் பஸ்" என்பார். குப்பனூர் வழியாக ஏறி வந்த பஸ் அந்தத் திருப்பத்தில் தலைகாட்டும். ஹாரனை வைத்தே சொல்லிவிடுவார். தப்பினால் அன்றைக்கு ஹாரன் மாற்றிய டிரைவர்மீது கோபம் வரும்.

கடை வருமானத்தில் ரஹமத் பீவி வாங்கிய வீடு கிளியூர்ப் பக்கம் சரிவில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. பனி விலகினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அதுதான் வம்பு. ரிசார்ட் கட்ட இடம் தேடும் புரோக்கர்கள் அந்தக் கொல்லையில் நின்று பெருமூச்சு விடாத மாதம் இல்லை. தனக்குப் பிறகு இந்த வீட்டில் தம்பியை யார் இருக்க விடுவார்கள் என்ற கவலை ரஹமத் பீவிக்கு அந்தப் பெருமூச்சுகளிலிருந்து வந்ததுதான்.

சேலத்தில் ஜீவானந்தம் என்ற வக்கீலிடம் போனார். உயில் எழுதலாம் என்று நினைத்துத்தான் போனார். "உயில் சரிப்படாதுங்கக்கா. உங்க சட்டத்துல ஒரு வாரிசுக்கு உயில் எழுதினா, மத்த வாரிசுங்க ஒத்துக்கிட்டாத்தான் செல்லும்" என்றார் வக்கீல். சரி, இப்போதே தம்பி பெயருக்கு எழுதிவிடலாமா என்று ரஹமத் பீவி கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "வேண்டாமுங்க. எவனாச்சும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தா எங்க வேணாலும் கைரேகை வச்சிருவான்."

கடைசியில் ஒரு டிரஸ்ட் எழுதினார்கள். வீடு டிரஸ்டின் பொறுப்பில் இருக்கும். அதில் வாழும் உரிமை முபாரக்குக்கு. கவனித்துக்கொள்ளும் டிரஸ்டிகள் இருவர்: ரஹமத் பீவி, அவருடைய அண்ணன் நூர் முகமதுவின் மகள் யாஸ்மின். முபாரக் காலத்துக்குப் பின் வீடு நூர் முகமதுவின் மூன்று பிள்ளைகளுக்குப் போகும். இதை ரஹமத் பீவி என்னிடம் விளக்கிய விதம் வக்கீலுக்கும் வராது. "இப்ப அந்த ஊடு யாருக்கும் இல்லீங்க. எனக்கும் இல்ல. அதனாலதான் அது அவனுக்கு."

வக்கீல் எழுதிய நகலில் இன்னொரு வரியும் இருந்தது: ரஹமத் பீவி தம் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் உடன் வசிக்கலாம். படித்துக் காட்டியதும் ரஹமத் பீவி கையை நீட்டித் தடுத்தார். "அத எடுத்துப் போடுங்க."

கொடுப்பது என்றால் கையை விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம். அவருடைய தாயார் ஆட்டுக்குட்டியைக் கொடுத்தால் கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாராம். கொடுத்த வீட்டில் தனக்கு ஒரு மூலை என்று எழுதினால் கொடுத்ததே செல்லாமல் போய்விடும் என்று பயந்தார். வக்கீல் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வரியை அடித்தார்.

பத்திரம் பதிவான அன்று மாலை தொடங்கியதுதான் கதவு தட்டும் பழக்கம். முதல் நாள் முபாரக் சிரித்தார். மறுநாள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

"சுவத்துல காலண்டர் மாட்டோணும், ஆணி அடிக்கட்டுங்களா?" என்று அக்கா கேட்பார்.

"வேண்டாம். வலிக்கும்."

காலண்டர் இன்றைக்கும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

புரோக்கர் ஒருவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "ஏனுங்கம்மா, நல்ல பார்ட்டி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். ரஹமத் பீவி அரிசி களைந்துகொண்டே, "ஓனரு உள்ள இருக்காருங்க, அவரைக் கேளுங்க" என்றார். ஓனர் வந்து புரோக்கரைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார். "செருப்பு வெளிய."

செருப்புச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. முன்பொரு நாள் குரங்கு ஒன்று முபாரக்கின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அன்று முதல் தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பார். விருந்தாளிகள் செருப்பு வாசலில் கிடக்கும். அது குரங்குக்கும் அவர்களுக்கும் உள்ள விவகாரம். ரஹமத் பீவியின் செருப்பும் வாசலில்தான் கிடந்தது.

போன மார்கழிக் குளிரில் முபாரக்குக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயமும் பலவீனம் என்றார் டாக்டர். சேலத்தில் மருந்துக்கடையில் வேலை செய்யும் யாஸ்மின் இரவல் கம்பளியோடு ஓடி வந்தாள். அந்த வராந்தா பெஞ்சில்தான் அவளுக்கு அது உறைத்திருக்கிறது. அத்தைக்குப் பின் முபாரக் என்று எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. முபாரக்குக்குப் பின் அத்தை என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

முபாரக் தேறி வீடு திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வக்கீல் எழுதிக் கொடுத்த ஒரு தாளோடு யாஸ்மின் மலையேறி வந்தாள். ரஹமத் பீவிக்கு ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்க இடம் உண்டு என்பதற்கு டிரஸ்டிகளும் நூர் முகமதுவின் பிள்ளைகளும் சம்மதிக்கும் தாள். அவளும் அண்ணன்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ரஹமத் பீவியுடையதுதான் பாக்கி. கடை பூட்டியிருந்ததால் நான் காபித்தூள் கேட்டு வீட்டுக்கு வந்தவன். சமையற்கட்டுப் படியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"கொடுத்ததுல ஒரு துண்ட ஒடச்சு வாயில போட்டுக்கச் சொல்றியா கண்ணு?" என்றார் ரஹமத் பீவி.

"வக்கீல் சார் முதல்லயே எழுதின வரிதான் மாமி. நீங்கதான் அடிக்கச் சொன்னீங்க." அத்தையை அவள் மாமி என்றுதான் கூப்பிடுவாள். முபாரக் அவளுக்குச் சின்னத்தா. "சின்னத்தா முந்திக்கிட்டாருன்னா..."

"வாயக் கழுவு."

"கழுவிக்கறேன். அப்புறம் நீங்க எங்க போவீங்க?"

"கடை இருக்குது. மூட்டைக்குப் பக்கத்துல பாய் விரிச்சா ஆச்சு."

"இந்தக் குளிருலயா?"

"மிளகு மூட்டை நொம்பச் சூடு, தெரியுமா உனக்கு?"

யாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அண்ணனுங்க இன்னிக்கு நல்ல மனசோட போட்டிருக்காங்க மாமி. நாளைக்குக் கொல்லையில ரிசார்ட்காரன் நின்னா நான் ஒருத்தி மறிச்சு என்ன ஆகும்? இந்த ஊட்டுல உங்களுக்கு இடமே இல்ல, அது உங்களுக்குப் புரியுதா?"

"புரிஞ்சுதானே எழுதினேன். நான் இங்க விருந்தாளி."

முபாரக் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரோடு கதவருகே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "அக்காவுக்கு எடமில்லயா?" என்று யாஸ்மினைக் கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள். முபாரக் திரும்பிப் போனார். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது அவர் இரண்டு கைகளிலும் ரஹமத் பீவியின் செருப்பு இருந்தது. பட்டை தேய்ந்து, ஊக்குக் குத்திய பழைய செருப்பு. சமையற்கட்டைத் தாண்டி அறைக்குள் போய், சிரமப்பட்டுக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று கோணலாக இருந்தது. மறுபடி குனிந்து நேராக்கினார்.

"கொரங்கு எடுத்துரும்" என்றார், மூச்சு வாங்க.

ரஹமத் பீவி அடுப்பைத் தணித்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். "எங்க போடோணும்?" என்று யாஸ்மினைக் கேட்டார். அவள் விரலால் காட்டிய இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கேட்ட தூளு கடையிலதானுங்க இருக்குது, இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்றார்.

நேற்று மாலை அந்த வழியாகப் போனேன். பனி கொல்லைவரை இறங்கியிருந்தது. ரஹமத் பீவி வாசற்படியில் நின்று கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தானுங்க, ரஹமத் பீவி. உள்ள வரலாமுங்களா?"

யோசிக்கும் நேரம் கடந்தது. "வாங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.