துடைப்பம் நிற்கும் இடம்

கன்னியம்மா மூன்றாவது மாடிப் படியைப் பெருக்கத் தொடங்கியதும் பானுப்பிரியா வாசற்கதவை ஒருக்களித்துத் திறந்து, புதிதாகப் பதிவு செய்த தன் கதையைப் போனில் சத்தமாக ஓடவிடுகிறாள். அதன்பின் அவள் காது கதையில் இருப்பதில்லை, துடைப்பத்தில் இருக்கிறது. எந்த வரியில் துடைப்பம் நிற்கிறதோ அங்கேயே போனை அணைத்துவிடுவாள்; செயலியில் அந்த வரியோடு இலவசப் பகுதி முடியும். மீதியைக் கேட்க மாதச் சந்தா.

சேக்காட்டில் அந்தக் குடியிருப்பில் அவளுக்குக் 'கதைக்காரப் பொண்ணு' என்று பெயர். துணி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டுதான் கதையைப் பதிவு செய்வாள். ஆவடி ரயிலின் ஊதல் பதிவில் விழக்கூடாது. தேநீரை ஆறவிட்டே குடிப்பாள். சூடு குரலைக் கெடுத்துவிடும் என்று ஒரு பயம்.

பெரிய பயம், சந்தாப் பூட்டை எங்கே போடுவது என்பது. சீக்கிரம் போட்டால் எரிச்சலில் ஓடிவிடுகிறார்கள். தாமதித்தால் இலவசத்திலேயே திருப்தியாகிப் போய்விடுகிறார்கள். "கதைய பாதில நிறுத்தி துட்டு கேக்குறியே, நீ இன்னா டோல்கேட்டா அக்கா?" என்று டில்லிபாபு என்ற நேயர் எழுதியதை அவள் இன்னும் அழிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் விட்டுவந்த வேலைக்கு மறுபடி கூப்பிடுகிறார்கள். இந்தக் கதைக்கும் சந்தா சேராவிட்டால் திங்கட்கிழமை போய்விடுவதாகக் கணவனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"தொடப்பம் நிக்குது, சரி. கன்னியம்மாக்கா சந்தா கட்டுவாங்களா?" என்று அவன் கேட்டான்.

நேற்று கதை வெளியானது. கேட்டவர்கள் பலர், கட்டியவர் ஒருவரும் இல்லை. இன்று காலை அவள் போனை வெறித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா கண்ணு, கதையில பூட்டு தொங்குது? அந்தப் பொண்ணு ரயில் ஏறிச்சா, ஊட்டுக்கே திரும்பிடுச்சா?"

"சந்தா கட்டினாத்தான்க்கா தெரியும்."

"எங்க தெரு பொம்பளைங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு போன்ல கட்டலாம்னு கீறோம். கட்டிட்டு, முடிவு சப்புனு இருந்தா என்னியதான் கிழிப்பாளுங்க. எனக்கு மட்டும் சொல்லிடேன்."

"சொல்லிட்டா அப்புறம் யாருதான் கட்டுவாங்கக்கா?"

கன்னியம்மா இடுப்பில் கைவைத்து, அவள் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"ஏறல. அதான? மூஞ்சிலயே தெரியுதே!"

பானுப்பிரியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.