ஸ்டெல்லா அக்காவின் கப்பல்

காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில், மழைக்காலப் பொழுதுபோக்காக, என்னையும் சேர்த்து ஐம்பது தாண்டியவர்களுக்குக் காகிதம் மடிக்கக் கற்றுத்தருகிறார்கள். நமுத்த செய்தித்தாள் வாசனையில், இன்று சிமென்ட் பலகை மூடிவிட்ட ஜோகுபாளையத்துக் கால்வாய் எனக்குள் திறந்துகொண்டது: மழை விட்டதும் சலசலக்கும் செந்நீர், ஆடியாடிப் போகும் என் காகிதக் கப்பல்கள், அவை ஒவ்வொன்றையும் பாலத்திலிருந்து கல்லெறிந்து மூழ்கடித்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. அதே அக்கா இப்போது எதிர் நாற்காலியில், மூட்டுவலி விரல்களால் கப்பல் மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த முதல் வகுப்பிலிருந்தே என் சட்டைப்பையில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. இருவர் கப்பலும் ஹாலில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் மிதந்ததும் அக்காவின் கப்பலைக் குறிபார்த்து எறிந்தேன். என் கப்பல் மூழ்கியது.

“பரவால்லடா,” என்றார் அக்கா. “இந்த வாட்டி எனக்கு வேலை வைக்கல நீ.”