எட்டு முறை புதுப்பித்த சங்கிலி

மனைவியின் சங்கிலியை நான் வங்கியில் அடகு வைத்தது ஓகஸ்ட் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் என் முறை வந்தபோது நேரம் பத்தேகால். அன்றைய நாட்குறிப்பில் சங்கிலியின் நிறை இருக்கிறது, கையில் கிடைத்த தொகை இருக்கிறது, வெளியே கச்சான் காற்று புழுதியை வாரியடித்தது என்பதும் இருக்கிறது. அவள் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எடுத்த காசு மூன்று கிழமைக்குள் மருந்துக்கும் வாகனத்துக்கும் போய் முடிந்தது. நவம்பரில் அவள் இறந்தாள். மகளுக்கு ஆறு வயது.

நான் மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்ப்பவன். கலியாண அட்டை, மரண அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், பாடசாலைச் சஞ்சிகை. காகித வியாபாரிகள் ஒவ்வொரு தை மாதமும் அச்சகத்துக்கு நாட்குறிப்புகள் கொடுப்பார்கள். அதில் ஒன்று எனக்கு. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். மழை, வெயில், வாவியின் நீர்மட்டம், வாசித்த புத்தகம், அன்றைய செலவு. கடன் வந்த பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. தவணைத் திகதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கடித உறை. உறையின் மேல் திகதி, உள்ளே சிறுகச் சிறுகப் போடும் காசு.

எங்கள் பக்கத்தில் வீடும் பொன்னும் பெண் வழியாகப் போகின்றவை. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வர வேண்டும். நான் ஆரையம்பதிக்கு வந்தபோது ஒரு சூட்கேசும் இரண்டு பெட்டி புத்தகங்களும் கொண்டுவந்தேன். இந்த வழமையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். வாசிப்பது ஒன்று. மகளுக்குச் சொந்தமான வீட்டின் கூரைத் தகடு மாற்றத் தகப்பன் கடன் வாங்குவது வேறொன்று. வீட்டைப் போலவே சங்கிலியும் மகளுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், ஏனென்றால் மீட்டுக் கொடுக்கலாம். விற்பதற்கு எனக்கு உரிமை இல்லை. அதை நான் கேள்வியாகக்கூட எடுத்ததில்லை.

ஆகவே புதுப்பித்தேன். வருடத்துக்கு ஒரு முறை வட்டியைக் கட்டி அடகுச் சீட்டை மாற்றிக் கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். எட்டு முறை புதுப்பித்ததில் ஒரு முறைகூட நான் ஒரு நாள் பிந்தியதில்லை. நான்காம் வருடம் கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, “பவுண் விலை ஏறியிரிக்கு ஐயா, விரும்பினா இதுக்கு மேல கூடவும் எடுக்கலாம்” என்றார். முந்திய மாரியில் கூரை ஒழுகியிருந்தது. எடுத்தேன். ஆறாம் வருடமும் எடுத்தேன். கடன் வளர்ந்தது, வட்டியும் வளர்ந்தது. உறையை மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்கிக் கொண்டேன்.

இரண்டாவது கடன் என் பெயரில் இல்லை. கிராமங்களில் குழுக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பெண்களைத்தான் சேர்க்கும். ஒன்பது பேர் ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. என் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், அப்படி ஒரு குழுவில் இருந்தார். வாவிக்கரையில் விடியற்காலை இறால் வாங்கி வீடு வீடாக விற்பவர். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், அவர் எடுத்த கடனில் பாதியை எனக்குத் தந்தார். கிணற்று மோட்டர், மகளின் மூக்குக்கண்ணாடி, கடைக் கொப்பியில் இருந்த நிலுவை எல்லாம் அதில் தீர்ந்தன. புதன்கிழமை தோறும் என் பங்கை நான் அவரிடம் கொடுப்பேன், அவர் தன் பங்கையும் சேர்த்துக் கட்டுவார்.

அச்சக வேலை ஆறு நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைந்தபோது எல்லாம் இறுகியது. கலியாண அழைப்பைச் சனங்கள் கைப்பேசியில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை சம்பளம் பிந்தியது. காசோடு நான் சைக்கிளில் கூட்டம் நடக்கும் வளவுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம். மாமரத்தின் கீழ் பாயில் எட்டுப் பெண்கள் எழும்பாமல் இருந்தார்கள். முழுத் தொகையும் சேரும் வரை எவரும் போக முடியாது என்பது குழுவின் சட்டம். காசு வாங்க வந்த இளைஞர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். மச்சாள் நிலத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

“ஆம்புளைக்குக் கடன் எடுத்துக் குடுக்காதகா எண்டு சொன்னனா இல்லையா?” என்றார் குழுத் தலைவி, மச்சாளிடம்தான், ஆனால் எனக்குக் கேட்க.

“அவர் டயறி எழுதி முடிச்சாத்தானேகா வெளிக்கிடுவார்” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், “இனி இப்பிடிச் செய்யாதீங்க மச்சான். அடுப்புல சோத்த வெச்சிப்போட்டு வந்தவளுகள். என்ட முகத்த நான் எங்க கொண்டு வெக்கிற?” என்றார்.

அதன் பிறகு புதன்கிழமைக் காசு தவறவில்லை. தவறாமல் இருந்ததற்குக் காரணம், குறையும்போதெல்லாம் ‘ஓகஸ்ட் 11’ என்று எழுதிய உறையிலிருந்து எடுத்துச் சமாளித்ததுதான். எடுத்ததைத் திகதியோடு உறையின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஜூலை நடுப்பகுதியில் பின்பக்கம் நிறைந்துவிட்டது, உறை வெறுமையாகிவிட்டது. அதே கிழமை வங்கியிலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. திகதிக்குள் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்தில் விற்கப்படும். இம்முறை பதினோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் காசு வேண்டும். மகளுக்கென்று காத்து வந்த ஒரே பொருள் ஏலத்தில் போகப் போகிறது, அதுவும் என் கையால்.

கடிதத்தை மகளிடம் மறைக்கவில்லை. மறைக்க முடியாது, தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதே அவள்தான். அவளுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு வணிகமும் கணக்கீடும் ஒரு பாடமாகப் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாட்குறிப்புகளை வருட ஒழுங்கில் தரையில் பரப்பி, ஓகஸ்ட் மாதத்தை மட்டும் திறந்து திறந்து வைத்தாள். எட்டுத் தொகைகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். ஒருமுறை கூட்டி, பிறகு கீழிருந்து மேலாகவும் கூட்டினாள்.

“அப்பா, வட்டி மட்டும் எவ்வளவு கட்டியிரிக்கீங்க தெரியுமா?”

“எல்லாம் எழுதித்தானே இரிக்கு.”

“எழுதியிரிக்கு. கூட்டல்ல.” தாளை நீட்டினாள். வட்டியாகக் கட்டியது முதன்முதலில் நான் எடுத்த கடனைத் தாண்டியிருந்தது. கடன் குறையவில்லை, கூடியிருந்தது.

“ஒரு நாளும் பிந்தல்லயே” என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வந்தது அதுதான்.

“பிந்தியிருந்தா நாலாம் வருசமே யோசிச்சிரிப்பீங்க.” அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பள்ளிக்கூடக் கணக்கைச் சொல்வது போலத்தான் சொன்னாள். “இப்ப பவுண் விக்கிற விலைக்கு வித்தா வங்கிக் கடன் தீரும். பெரியம்மாட குழுக்கடன் புத்தகமும் தீரும். மிச்சமும் இரிக்கும்.”

“விக்கிறதா? அது உனக்குள்ளது.”

“எனக்குள்ளதெண்டா நான்தானே சொல்ல வேணும்?”

அன்றைய பதிவில், ‘மகள் கணக்குப் பார்த்தாள். கூட்டல் சரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வருடம் திகதிகளை நான் நோட்டுத்தாள் போல எண்ணி அடுக்கியிருக்கிறேன். அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என்னுடையதல்லாத ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில், என்ன விலை கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்பதைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்.

மச்சாளிடம் சொல்லாமல் விற்க முடியாது. சங்கிலி அவருடைய தங்கையின் கழுத்தில் கிடந்தது. அடுத்த நாள் இறால் பேசினோடு வந்தவரிடம் சொன்னோம். பேசினைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே உள்ளே வந்தார்.

“வட்டிக்குத்தானே காசு இல்ல? குழுவில இந்த முற கூடத் தருவாங்க. நான் எடுத்துத் தாறன், கட்டுங்க.”

“கடன வெச்சிக் கடனுக்கு வட்டி கட்டுறதா பெரியம்மா?” என்றாள் மகள்.

“நீ சும்மா இரி. நாளைக்கு உன்ன ஒருத்தன் கேட்டு வந்தா, வெறுங்கழுத்தோடயா நிப்பாட்டுற?”

“அவன் வர இன்னும் பத்து வருசம் கிடக்கு. அதுக்குள்ள பத்து வட்டி.”

மச்சாள் என் பக்கம் திரும்பினார். “இவட வாயப் பாருங்க மச்சான். இது என்ட தங்கச்சிட வாய் இல்ல. உங்கட டயறிட வாய்.”

மகள் தாளை அவர் முன் வைத்தாள். மச்சாள் அதிகம் படிக்கவில்லை. ஆனால் இறால் விற்பவருக்கு இலக்கம் தெரியும். கடைசி வரியைப் பார்த்தார், மேலே ஒரு முறை போனார், மீண்டும் கடைசி வரிக்கு வந்தார்.

“இவ்வளவும் வட்டியா?”

“ஓம்.”

“இதுக்கு இன்னொரு சங்கிலி செஞ்சிரிக்கலாமே!”

அடகு வைத்த காலத்து விலைக்கு ஏறக்குறைய செய்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். மச்சாள் எழுந்து வெளியே போனார். படலையைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார்.

“விக்கிறதெண்டா வெள்ளிக்கிழமையில விக்காதீங்க” என்றார்.

ஆகவே வியாழக்கிழமை. மகள் பாடசாலைக்கு விடுப்பு எடுத்தாள். அடகில் இருக்கும் நகையை விற்பதற்கு ஒரு வழி உண்டு. நகைக்கடைக்காரர் தன் ஆளைக் காசோடு வங்கிக்கு அனுப்புவார். அந்தக் காசில் கடனைக் கட்டி, நகையை வாங்கி, அப்படியே கடைக்குப் போய் விலை பேசி மிகுதியை வாங்க வேண்டும். நான் மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வைத்திருந்தேன். கொஞ்சம் கூடச் சொன்ன கடையின் ஆள் ஒன்பது மணிக்கே வங்கி வாசலில் நின்றார்.

கடனைக் கட்டி முடிந்ததும், வங்கியில் சங்கிலி வைத்திருந்த உறையை வெட்டி, அதைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். மகள் அதை ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள்.

“இவ்வளவு சின்னனா?” என்றாள். “அம்மாட இடுப்பு வரைக்கும் கிடந்ததெண்டு நினைச்சன்.”

“நீ அப்ப அவட இடுப்பளவுதான் இரிந்த.”

நகைக்கடை ஆளுக்கு அவசரம் இல்லை, அல்லது அவசரத்தைக் காட்டிக் கொள்ளவில்லை. வங்கிக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து மகள் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக் கொண்டாள். ஒரு படம் எடுத்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவளே கழற்றி, கைக்குட்டையில் சுற்றாமல், உள்ளங்கையில் மூடிக் கொண்டு கடை வரை நடந்தாள்.

கடையில் நிறுத்தபோது நிறை என் பதிவோடு சரியாக இருந்தது. செம்பு கலந்த கொளுக்கிக்குக் கழிவு என்று முதலாளி சொன்னார். கொளுக்கியைத் தனியாக நிறுக்கச் சொன்னாள் மகள். நிறுத்தார், கழிவு குறைந்தது. பற்றுச்சீட்டு யார் பெயரில் என்று கேட்டார். மகள் தன் பெயரைச் சொன்னாள். பதினெட்டு வயது ஆகாதவரிடம் வாங்க முடியாது என்று சொல்லி என் பெயரை எழுதினார். அதன் கீழே தன் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டு, அவர் எழுதும் வரை மகள் நகரவில்லை.

மிகுதிக் காசில் குழுக்கடனுக்கு உரியதைப் பிரித்து ஓர் உறையில் போட்டோம். மற்றதை அவள் பெயரில் வங்கியில் வைப்புக்குப் போட்டோம். சங்கிலியின் பெறுமதியில் கால்வாசிக்கும் குறைவுதான் மிஞ்சியது. அது நான் எட்டு முறை புதுப்பித்ததன் விளைவு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன், இம்முறை கூட்டிய பிறகு.

பஸ் தரிப்பில் மச்சாள் நின்றார். “சந்தைக்கு வந்தனான்” என்றார். கையில் பையும் இல்லை, பேசினும் இல்லை.

“எவ்வளவுக்குப் போன?”

மகள் சொன்னாள். கொளுக்கியைத் தனியாக நிறுத்ததையும் சொன்னாள். மச்சாள் தலையாட்டினார்.

“கழுத்துல ஒருக்காப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தன். அப்பா போட்டோ எடுத்தவர்.”

“காட்டு.”

கைப்பேசியைக் கொடுத்தேன். வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மகளின் முகத்தை விட்டுச் சங்கிலியை மட்டும் கண்ணி கண்ணியாகப் பார்த்துக் கொண்டு போனார். கல்முனை பஸ் வந்து நின்றது. கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

“புதன்கிழம வேளைக்கே வாங்க மச்சான். முழுக் கடனையும் கட்டப் போறமெண்டு அவளுகளுக்கிட்ட நீங்க சொல்லப்படா. அத நான்தான் சொல்லுவன்.”

ஏறி, பெண்கள் இருக்கையில் மகளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக் கொண்டார். நான் நின்று கொண்டு போனேன்.