பின்னட்டைக்குள் ஒரு தாள்

பழைய பதிவேடுகளைப் பிரித்து மறுபடி தைப்பது அவளுக்கு இருபது வருட வேலை. அவளுக்கு முன் அதே மேசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்தப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று காலை அவள் தேடியது தன் பிறப்புப் பதிவை. அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிறாள். ரத்தப் பிரிவு பொருந்திவிட்டது; கூடப்பிறந்தவள்தான் என்பதற்கு மட்டும் மருத்துவமனை சான்று கேட்டிருந்தது.

“என்ன ஊசி, நீ பொறந்ததுக்கே சாட்சி தேடுறியா?” என்றபடி குமாஸ்தா பதிவேட்டை எடுத்து வைத்தார்.

“விட்டா நான் பொறக்கவே இல்லன்னு எழுதிடுவீங்க சார்.”

அந்த வருடத்துப் பிறப்பும் இறப்பும் ஒரே கட்டாகத் தைக்கப்பட்டிருந்தன. அவள் பதிவு இருந்தது. நிம்மதியாக மூடப்போனவளின் விரல் பின்னட்டையில் நின்றது. ஓரிடம் லேசாக உப்பியிருந்தது. தையல் அப்பாவுடையது. எழுதிய தாளைக் கிழித்துப்போட அவருக்கு மனசு வராது; வேண்டாததை அட்டைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்.

கத்தியால் மெல்லக் கீறினாள். உள்ளே ஓர் இறப்புப் பதிவு. அவள் பெயர். அவளுடைய அப்பா, அம்மாவின் பெயர்கள். வயது மூன்று மாதம். காய்ச்சல்.

அப்படியென்றால் நாற்பது வருடமாக இந்தப் பெயரில் மூச்சு விடுவது யார்?

மதியம் வார்டில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அப்பா தைச்ச ரிஜிஸ்டர் ஒண்ணு இன்னிக்குக் கைக்கு வந்துச்சுக்கா.”

அக்கா திரும்பவில்லை. “பின்னட்டையப் பிரிச்சியாடி?”

அட்டையைப் பற்றி அவள் அக்காவிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

“நான் யாருக்கா?”

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “பாப்பா போனதும் அம்மா பேச்சையே விட்டுட்டா. எனக்கு அப்ப பன்னண்டு வயசு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல நீ தூங்கிட்டிருந்த. உன்னப் பெத்தவ குழாயில தண்ணி பிடிக்கப் போயிருந்தா. அள்ளிக்கிட்டு ஓடிட்டேன். அவ கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. இன்னமும் கேக்குதுடி.”

அப்போதுதான் நர்ஸ் படிவத்தோடு வந்தாள். “நாளைக்குக் காலையில ஆபரேஷன். தங்கச்சிதானே நீங்க? கையெழுத்துப் போடுங்க.”

அக்காவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. அவள் அந்தப் பிடியை விலக்கிவிட்டுப் பேனாவை வாங்கினாள். செத்துப்போன குழந்தையின் பெயரை நிதானமாக எழுதினாள்.

நர்ஸ் போனதும் கட்டிலருகே குனிந்தாள்.

“நீ பிழைச்சு எழுந்திருக்கணும்க்கா. அந்தக் குழாய் எங்க இருக்குன்னு நீதான் எனக்குக் காட்டணும்.”