அளவு ஜாக்கெட் இருக்கும் வீடு

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் ஒரு மாடி அறை. கீழே பாத்திரக் கடை. மேலே நாங்கள் மூன்று பேர். முதலாளி, கம்ப்யூட்டர் பார்க்கும் பெண், நான். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பெண்கள் கம்ப்யூட்டரிலேயே புடவை பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். முதலாளி புடவை எடுப்பார். நான் ஜாக்கெட் தைப்பேன். பார்சல் போகும்.

புடவை போனது. ஜாக்கெட் போகவில்லை.

காரணம் ஃபாரம். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து ஆழம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆர்டர் போகாது. பக்கம் திரும்பி வரும். அதுவரை அடித்ததெல்லாம் அழிந்திருக்கும். அதற்குப் பயந்து எதையாவது அடித்து அனுப்பினார்கள்.

"மாஸ்டர், இந்தம்மா தோளுக்கு நார்மல்னு போட்டிருக்காங்க" என்பாள் கம்ப்யூட்டர் பெண்.

"கை இன்னா நீளம்?"

"வழக்கம் போலவாம்."

"கழுத்து ஆழம்?"

"சைபர்."

"அப்போ தலை எப்டிமா உள்ள போவும்?"

அவள் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

அப்போதுதான் கல்யாண ஆர்டர் வந்தது. பெண்ணுக்கு அமெரிக்காவில் வேலை, கல்யாணமும் அங்கேயே. முகூர்த்தப் புடவையிலிருந்து ரிசப்ஷன் வரைக்கும் ஜாக்கெட் வேண்டும். எங்களுக்கு அதுதான் முதல் கல்யாணம். அளவுக் கட்டம் எல்லாவற்றிலும் சைபர். அளவு கேட்டு மெயில் போட்டோம். ஃபாரம் இரண்டு தடவை திருப்பிவிட்டது என்று கோபமாகப் பதில் வந்தது. ஜாக்கெட் வேண்டாம், புடவை மட்டும் அனுப்புங்கள்.

முதலாளி அந்த மெயிலை அச்செடுத்த தாளை மடித்தார். "மாஸ்டர், இதோட ஜாக்கெட்டை நிறுத்திடலாம். புடவை போதும்."

ஜாக்கெட் நின்றால் என் வேலையும் நின்றுவிடும். இதை நம்பித்தான் மந்தைவெளிக் கடையை விட்டு வந்தேன். அங்கே என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

"ஒரே ஒரு போன் போட்டுக்கிறேன் சார்" என்றேன்.

ஃபாரத்தில் நட்சத்திரம் இல்லாத கட்டம் ஒன்று இருந்தது. இந்தியாவில் போன் நம்பர். அதை மட்டும் கல்யாணப் பெண் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். மயிலாப்பூர் வீடு. அம்மா எடுத்தார்.

"அளவு கட்டத்துல உங்க பொண்ணு சைபர் போட்டுக்கீதும்மா. இப்போ ஜாக்கெட்டே வேணாம்னுது."

"வேண்டாம்னாளா? கல்யாணத்துக்கு எதைப் போட்டுப்பாளாம்? இன்ச்செல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? அளவு ஜாக்கெட் ஆத்துல பீரோல இருக்கே. வந்து வாங்கிண்டு போங்கோ. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷத் தையலில் ஒரு பொம்பளையும் என்னிடம் இன்ச் சொன்னதில்லை. துணிக்குள் பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி வைத்துக் கொடுப்பார்கள். இதே அளவு, கை மட்டும் கொஞ்சம் இறக்கு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்ததும் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

சைக்கிளை எடுத்தேன். அந்தம்மா ஜாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி வாசலிலேயே நின்றிருந்தார்.

"போன தடவை வந்தப்போ தெச்சது. இப்போ இளைச்சுட்டேன்னு சொல்றா."

"பிடிச்சுத் தைக்கவா?"

"வேண்டாம். சொல்றது அவ. நான் நம்பலை."

அம்மா பேச்சைக் கேட்டேன். அதே அளவில் வெட்டினேன். மற்ற வேலையெல்லாம் ஓரம் கட்டினேன். கம்ப்யூட்டர் பெண் கொக்கி கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாஸ்டர், ஃபாரத்துல புதுசா ஒரு கட்டம் வெக்கவா? அளவு ஜாக்கெட் எந்த வீட்டுல இருக்குன்னு?"

மிஷினை நிறுத்தினேன். "வைம்மா. அதுக்கு மட்டும் நட்சத்திரம் போடு."

"இன்ச் கட்டம்?"

"இருக்கட்டும். தெரிஞ்சவங்க போடட்டும். நட்சத்திரத்த எடுத்துடு."

பார்சல் நாள் தவறாமல் போனது. அதற்குள் அவள் ஃபாரத்தை மாற்றிவிட்டாள். இனி அடித்தது அழியாது. விட்ட கட்டம் மட்டும் சிவக்கும். என்னைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே ஒரு கட்டத்தை விட்டுக் காட்டினாள். அது ஒன்று மட்டும் சிவந்தது. முதலாளியும் எட்டிப் பார்த்தார்.

கல்யாணம் முடிந்து மெயில் வந்தது. கம்ப்யூட்டர் பெண் சத்தமாகப் படித்தாள். எல்லா ஜாக்கெட்டும் கச்சிதம். தோழிகள் எங்கே தைத்தது என்று கேட்கிறார்கள். கடைசியில் ஒரு வரி. அளவு சரியாக இருந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சொன்னேன். "நான் சொல்லலை?" என்றார் அந்தம்மா. போனில் அவர் சிரித்தது முதலாளிக்கே கேட்டது.

தோழிகளின் ஆர்டர் வந்தது. அவர்களின் தோழிகளுடையதும். புதுக் கட்டத்தை ஒருத்தியும் காலியாக விடவில்லை. பெரியம்மா வீடு, கே.கே. நகர். மாமியார் வீடு, அடையாறு. ஆனால் மாமியாரிடம் கேட்காதீர்கள், நாத்தனாரிடம் கேளுங்கள். சாந்தோம், அக்கா வீடு, டிரங்குப் பெட்டியில் அடியில், பச்சை நிறம்.

முதலாளி இன்னொரு மிஷின் எடுத்தார். ஜாக்கெட்டை நிறுத்துகிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் சைக்கிளில் கிளம்புவேன். திரும்பும்போது ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை தொங்கும். பை நிறைய அளவு ஜாக்கெட்.