கழுத்தில் கிடந்த பேட்ஜ்

எழுபதுகளில் நான் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். கதிர்வீச்சு பட்டவர்களின் ரத்தத்தில் குரோமோசோம்கள் உடைந்திருக்கும். அந்த உடைசல்களை எண்ணுவதுதான் என் வேலை.

எண்ணூரில் குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்தவர் அந்தோணி. அவர் ரத்தத்தில் ஏகப்பட்ட உடைசல். ஆனால் பட்ட கதிரைக் காட்டும் அவருடைய பிலிம் பேட்ஜ் சுத்தமாக இருந்தது. பேட்ஜை நம்பினேன். என் சிலைடுதான் கெட்டுவிட்டதென்று குப்பையில் போட்டுவிட்டு, ‘குறையில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுவருஷம் விரல்கள் கருகி, வெளிறிப்போய் வந்தார். சட்டையில் பேட்ஜைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

“எம் பொண்டாட்டி மாசமா இருந்தா சார். கதிரு அண்டாம காக்கும்னு அவ கழுத்துல மாட்டிட்டேன், மாதா கோயில்ல மந்திரிச்ச உத்தரியக் கயிறு மாரி. இன்னும் அவகிட்டதான் கீது. மாசக் கடைசில மட்டும் ஆபீசுக்கு எடுத்தாந்து குடுப்பேன்.”

ராயபுரத்து வீட்டில் இருந்தவளைத்தான் அந்தப் பேட்ஜ் இத்தனை நாளும் அளந்திருக்கிறது.

“நல்லா வேலை செஞ்சிது சார்,” என்று சிரித்தார். “கொயந்த சொகமா கீது.”

மழைக்காலத்துக்குள் அந்தோணி போய்விட்டார். பேட்ஜ் காக்காது, காட்டத்தான் செய்யும் என்பதைக் கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.